அடியைத் திருப்பித் தந்த கார்

எர்மினியா கஸ்தாஞோ தன் அண்ணனின் பந்தயக் காருடைய இடது மட்கார்டில் உள்பக்கமிருந்து முதல் அடியை அடித்தபோது, நான்கு தெரு தள்ளி, தன் கடையில் மாட்டு விலாவை வெட்டிக்கொண்டிருந்த கசாப்புக்காரர் இபார்ராவுக்கு இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. அவரை யாரும் தொடவில்லை. கொக்கியில் தொங்கிய மாட்டுத் தொடையைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே சரிந்தார். வைத்தியர் சட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இது கடப்பாரை அடி என்றும், நல்ல தோள்பலம் உள்ள ஆள் அடித்தது என்றும் சொன்னார். அந்த வாரம் லாஸ் தோர்காசாஸ் என்ற அந்த ஊரில் மக்காச்சோளம் விலை இறங்கியிருந்தது, ஆகவே ஊர் முதலில் அதைத்தான் பேசியது.

கார் முப்பத்தொரு வருடமாக எர்மினியாவின் கொட்டகையில் கோழி அடையும் இடமாக இருந்தது. இரண்டு பேர் உட்காரும் சிவப்பு இத்தாலிக் கார். 1956-இல் அவள் அண்ணன் துல்யோ அதை நெடுஞ்சாலைப் பந்தயத்தில் ஓட்டினான். பந்தயம் ஊர் நடுவே போகும். அந்தப் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு: ஜனங்கள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். கார் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் இரண்டாகப் பிளந்து வழிவிடுவார்கள். போகிற போக்கில் சூடான தகட்டை விரல் நுனியால் தொட்டுவிட்டால் அந்த வருடம் நல்ல விளைச்சல். ஓட்டுகிறவன் மட்டும் பிரேக்கில் கால் வைக்கக் கூடாது. வைத்தால், ஜனங்களை நம்பவில்லை என்று அர்த்தம். அதைவிடப் பெரிய அவமானம் அந்தச் சமவெளியில் கிடையாது. துல்யோ கால் வைத்தான். கார் பக்கவாட்டில் திரும்பி, ஜனங்களை வாரிக்கொண்டு மாவு ஆலைச் சுவரில் போய் மோதியது. நான்கு பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி இபார்ராவின் மனைவி ரொசேந்தா, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவள்.

வேகமாக வந்து கொன்றிருந்தால் மன்னித்திருப்பார்கள். பிரேக் போட்டுக் கொன்றதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. ரயில் பட்டறையிலிருந்து சம்மட்டிகள் வந்தன, ஆலையிலிருந்து கடப்பாரைகள் வந்தன. ஊரின் நல்ல மனிதர்கள், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு, கை ஓயும்வரை காரை அடித்தார்கள். பிறகு முன்கண்ணாடி வழியாக துல்யோவை வெளியே இழுத்தார்கள். சுவரில் மோதியபோதே அவன் போய்விட்டான், நாங்கள் அடித்தது வெறும் காரை என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். போலீசும் அதையே எழுதிக்கொண்டது. இபார்ராவே வீட்டுக்கு வந்து துல்யோவின் அம்மாவிடம், "ஒரு நொடிதான் தாயி. கஷ்டமே படல அவன்" என்றார். அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் எர்மினியா முப்பத்தொரு வருடம் அந்த ஊரில் மூச்சு விட்டாள். அவர் கடையில் கறி வாங்கினாள், பண்டிகைக்கு வாழ்த்துச் சொன்னாள், அவருடைய மறு கல்யாணத்தில் ஆடவும் செய்தாள்.

அம்மா இருந்தவரை காரைத் தொட விடவில்லை. அம்மா போனதும், எர்மினியா கோழி எச்சத்தைச் சுரண்டிவிட்டு, காரை அண்ணன் ஓட்டிய மாதிரியே ஆக்கிவிடுவது என்று உட்கார்ந்தாள். தகரப் பட்டறைக்காரர் மகள்; பால் கேன் அடித்துப் பழகிய கை. எஞ்சின் அவ்வளவு தொந்தரவு கொடுக்கவில்லை. கார்பரேட்டரில் குளவிக்கூடு இருந்தது, அவ்வளவுதான். வினை குழிகளை நிமிர்த்தும் டிங்கரிங்கில் இருந்தது. பானெட்டில் ஒரு குழியை எடுத்தாள். தபால்காரர் சைக்கிளோடு விழுந்தார், முழங்கை நொறுங்கியது. டிக்கியில் ஒன்றை எடுத்தாள். நோட்டரி சாப்பாட்டு மேசையில் முன்பல் நான்கையும் சூப்பில் துப்பினார். அடித்தவன் ஏற்கெனவே செத்திருந்தால் கல்லறையில் சலவைக்கல் பிளந்தது. எந்த அடி யாருடையது என்பதை வைத்தியசாலையில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஊர் முதலில் கல்லெறிந்தது. கொட்டகைக்குத் தீ வைக்கப் பார்த்தது. தீ வைக்க வந்தவனே தோள் முறிந்த தன் கணக்கில் இன்னும் இரண்டு சுத்தியடி மட்டும்தான் பாக்கி, அதோடு தீரும் என்று தெரிந்ததும் தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினான். அப்புறம் ஊருக்குப் பழகிவிட்டது. வாசலில் வந்து நிற்பார்கள்.

"அக்கா, வலப்பக்க பம்பருக்கு மேல இருக்கே, அது என்னோடது. அறுவடை முடியட்டுமே?"

"அன்னிக்கு அறுவடை முடியட்டும்னா நின்ன?"

"சரி, சனிக்கிழமை வெச்சுக்கலாம். வலிக்கு மருந்து சாப்ட்டுட்டுப் படுத்துக்கறேன். ஒரே அடியா அடிச்சிடுங்க, தட்டித்தட்டிக் கொல்லாதீங்க."

அவள் ஒரே அடியாக அடிக்கவில்லை. தகடு அப்படி நிமிராது. கோபமும் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை.

இப்படியே குளிர்காலம் முழுக்கப் போயிற்று. கடைசியில் இரண்டே குழிகள் மிச்சம். ஒன்று கூரையில், ஓட்டுகிறவன் தலைக்கு நேர் மேலே, எல்லாவற்றிலும் ஆழமானது. இன்னொன்று ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவில். அதைக் கண்டதும் அவள் கையில் இருந்த உப்புத்தாள் கீழே விழுந்தது. அந்தக் கதவு உள்ளே குழியவில்லை, வெளியே பிதுங்கியிருந்தது. செத்தவன் உதைக்க மாட்டான். தன் மனதைத் தானே நம்பாமல் மரச்சுத்தியை எடுத்து வெளியிலிருந்து ஒரு அடி அடித்தாள். ஊரில் யாரும் அலறவில்லை. காலியான காருக்குள்ளிருந்து ஒரு உதை வந்து தகட்டை மறுபடி வெளியே தள்ளியது. மறுபடி அடித்தாள். மறுபடி உதைத்தது, இந்த முறை ஷூவின் விளிம்புகூடத் தெரிந்தது. கதவைப் பிடித்து இழுத்தாள், கடப்பாரை போட்டு நெம்பினாள். பூட்டு திறந்துதான் இருந்தது. ஆனாலும் வெளியிலிருந்து ஒரு ஆள் சாய்ந்து நிற்பதுபோல் அது அசையவில்லை.

அவள் நேரே கறிக்கடைக்குப் போனாள். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள்.

"அண்ணே, கதவை யாரு பிடிச்சிக்கிட்டது?"

இபார்ரா கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். "நான்தான். உள்ளேருந்து உதைச்சான். நான் தோளைக் குடுத்து நின்னேன். கூரைமேல இருக்கறதும் நான் போட்டதுதான்."

"அப்போ உசிரோட இருந்தான்."

"இருந்தான்மா."

இரண்டு பேரும் கொட்டகைக்கு நடந்து வந்தார்கள். இபார்ரா கதவின்மேல் தோளை வைத்தார், பிறகு எடுத்தார். கதவு திறந்தது. துல்யோ வெளியே வந்தான். தலையின் ஒரு பக்கம் அமுங்கி, கழுத்துவரை ரத்தம். வயது அதே இருபத்துநான்கு. இரண்டு எட்டு வைத்துவிட்டுக் கொட்டகை மண்ணில் உட்கார்ந்தான்.

"எர்மினியா, நீயா? அம்மான்னு நெனச்சேன்."

அவள் மண்ணில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். அவனுக்குக் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இபார்ராவை நிமிர்ந்து பார்த்தான், அடையாளம் தெரியவில்லை.

"அய்யா, சாலை நடுவுல ஒருத்தி குனிஞ்சு செருப்பு வாரை மாட்டிக்கிட்டிருந்தா. மஞ்சள் கவுன். எல்லாரும் பிளந்தாங்க, அவ நிமிரவே இல்ல. அவளுக்காகத்தான் பிரேக் போட்டேன். தப்பிச்சாளா?"

ரொசேந்தாவை மஞ்சள் கவுனோடுதான் புதைத்திருந்தார்கள். இபார்ரா அவன் பக்கத்தில் குனிந்தார்.

"தப்பிச்சிட்டா தம்பி. ஒரு கீறல்கூட இல்ல. நாலு புள்ளைங்க அவளுக்கு."

"நல்லது" என்றான் துல்யோ. அதற்குப் பிறகும் மாலைவரை உயிர் இருந்தது. வலி கடுமையாக இருந்தது, அலறினான், தங்கையின் கையைக் கடித்தான். எர்மினியா கடைசிவரை கையை எடுக்கவில்லை.

அவன் அடங்கிய பிறகு அவள் கேட்டாள்: "அவன்கிட்ட ஏன் பொய் சொன்ன?"

"உங்கம்மாகிட்ட சொன்ன பொய் வேற, அது எனக்காக சொன்னது. இது அவனுக்காக" என்றார் இபார்ரா. பால் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கூரை பாக்கி இருக்கு. முடிச்சிடு."

எர்மினியா அவர் முகத்தைப் பார்த்தாள். வெறுப்பு முழுதாக இருந்தது. இரக்கமும் இருந்தது. ஒன்று மற்றொன்றைக் குறைக்கவில்லை. அவள் அண்ணனின் இருக்கையில் ஏறி மல்லாந்து படுத்து, கனமான சுத்தியைத் தேர்ந்தெடுத்து, வாழ்நாளில் முதல்முறையாக ஒரே அடியாக அடித்தாள். தகடு நிமிர்ந்துவிட்டது. வெளியே பால் கேன் உருளும் சத்தம் கேட்டது.

இரண்டு பேரையும் ஒரே வியாழக்கிழமை அடக்கம் செய்தார்கள். துல்யோவின் பழைய குழியைத் தோண்டியபோது அதில் பெட்டி இருந்தது, உள்ளே ஆளும் இருந்தான். ஆகவே வெட்டியான் பக்கத்திலேயே இன்னொன்று வெட்டினான். பாதிரியார் துல்யோவின் இரண்டு கல்லறைக்கும் ஒரே பெயரைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் தீர்த்தம் தெளித்தார். எர்மினியா பூக்காரியிடம் வாராவாரம் இரண்டு கட்டு வாங்குகிறாள்.