ஸ்டீவன் சொன்ன சாட்சி

பெல்ட்டின் இரும்பு நாக்கைப் பூட்டில் செருக வேண்டும். 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். இழுத்துப் பார்க்க வேண்டும். சிவப்புப் பட்டனை அழுத்தினால் வெளியே வர வேண்டும். இதில் எங்கே சிக்கினாலும் அந்தப் பூட்டு சிவப்புத் தொட்டிக்குப் போய்விடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு சீட் பெல்ட் செய்யும் ஒரு கம்பெனியில் மோனிகாவுக்கு ஒன்பது வருடமாக இதுதான் வேலை. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூட்டுகள். டார்கெட் முடியாத நாட்களில் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று அவசரப்படுத்துவார். மோனிகா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "இழுத்துப் பாக்காம எதையும் பச்சைத் தொட்டியில போட மாட்டேன் சார்" என்பாள். அந்த பெல்ட்டுகள் எந்தக் காருக்குப் போகின்றன, அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் வீட்டுக்கே ஒரு கார் வந்தது.

அவள் கணவன் ஸ்டீவன் பக்கத்து இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுபவன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஆரம்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். அந்தத் தெருவில் முதல் கார் தன் வாசலில்தான் நிற்க வேண்டும் என்பது அவனுடைய பல வருட ஆசை. ஐந்து வருடம் ஓடிய வண்டிதான்; ஆனாலும் வெள்ளை நிறம் மங்காமல் இருந்தது. பாஸ்டர் ஐயா வந்து ஜெபம் செய்தார். மறுநாளே ஸ்டீவன் அதற்குப் புது சீட் கவர் மாட்ட மணிகண்டனின் கடைக்கு ஓட்டிப் போனான்.

வேலை முடிந்ததும் மணிகண்டன் கேட்டான். "இன்னாண்ணே, வண்டிய எடுத்தா டிங் டிங்குனு கத்துதே, பேஜாரா இல்ல?"

"பெல்ட் போட்லன்னா கத்துது. இன்னா பண்றது?"

மணிகண்டன் மேசை டிராயரிலிருந்து இரண்டு தட்டையான இரும்புத் துண்டுகளை எடுத்து, முன் இருக்கைகளின் பெல்ட் பூட்டுகளில் ஒவ்வொன்றாகச் செருகினான். "இப்ப நீ பெல்ட் போட்டுக்கினு கீறன்னு வண்டி நெனச்சுக்கும். கத்தவே கத்தாது. கவர் போட்டதுக்கு நம்ம ஃப்ரீ கிஃப்டு."

ஸ்டீவன் சிரித்துக்கொண்டே வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தான்.

மோனிகா கதவைத் திறந்ததும் முதலில் அந்தத் துண்டைத்தான் பார்த்தாள். அதன் வடிவம் அவள் விரல்களுக்கு மனப்பாடம். பெல்ட்டே இல்லாத வெறும் நாக்கு.

"இது இன்னா ஜெனிப்பா?"

"சத்தம் வராம இருக்கறதுக்கு."

"நான் தெனமும் ஆயிரம் பூட்ட இழுத்து இழுத்துப் பாக்கறேனே, அது சத்தம் வராம இருக்கறதுக்கா?"

"ஊர்ல எவன் பெல்ட்டு போட்றான்? போலீஸ் நின்னா மேல இஸ்து போட்டுக்கலாம்."

"போலீசா வந்து நம்ம மேல மோதப் போவுது?"

அவள் தன் பக்கத்துத் துண்டைப் பிடுங்கி எறிந்தாள். பிறகு பின்சீட்டைத் தடவிப் பார்த்தாள். பெல்ட் பட்டை தொங்கியது, பூட்டைக் காணவில்லை. புது கவர் அதன்மேல் இறுக்கமாக மூடித் தைக்கப்பட்டிருந்தது. அவள் உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து, கவரின் நடுவே 'சரக்' என்று ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினாள்.

"அய்யோ! இன்னிக்கு போட்ட கவர்டி!" ஸ்டீவன் பதறினான்.

"கவர் கடையில கெடைக்கும். ஜெனி கெடைப்பாளா?"

பதினொரு வயது ஜெனிஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மோனிகா டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்த வண்டியின் கையேட்டை எடுத்து மகளிடம் கொடுத்து, பெல்ட் பற்றிய பக்கத்தைப் படிக்கச் சொன்னாள். ஜெனிஷா ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னாள். பட்டை கழுத்தில் உரசக் கூடாது, தோளின் நடுவில் வர வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். முறுக்கு இருக்கக் கூடாது. அம்மாவின் காது உயரத்துக்கு வளர்ந்திருந்த அவளுக்கு அது சரியாகப் பொருந்தியது.

ஸ்டீவன் தன் பூட்டிலிருந்த துண்டை மட்டும் எடுக்கவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடம்பத்தூரில் இருக்கும் ஸ்டீவனின் அக்கா வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம். மூவரும் கிளம்பினார்கள். முன்சீட்டில் மோனிகாவும் பின்சீட்டில் ஜெனிஷாவும் பெல்ட் போட்டுக்கொண்டார்கள். "நீயும் போடு" என்றாள் மோனிகா. "சட்ட கசங்கிடும். கம்முனு வா" என்றான் ஸ்டீவன். வண்டி கத்தவில்லை.

கவரைப்பேட்டையைத் தாண்டியதும் அது நடந்தது. சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு சரக்கு வேன் எதிர்த்திசையில் ஏறிக் குறுக்கே வந்துவிட்டது. ஸ்டீவன் பிரேக்கை அழுத்தி மிதித்தான். வண்டி வழுக்கிக்கொண்டு போய் வேனின் பக்கவாட்டில் மோதியது. ஏர்பேக்குகள் வெடித்து விரிந்த படாரென்ற சத்தம், வெள்ளைப் புகை, ரசாயன நெடி.

மோனிகா கண்ணைத் திறந்தபோது மூச்சு முட்டியது; ஆனால் கை கால் எல்லாம் அசைந்தன. "ஜெனி!" என்று கத்தினாள். "இருக்கேம்மா" என்று பின்னாலிருந்து அழுகுரல் வந்தது. பக்கத்தில் ஸ்டீவன் பேசவில்லை. முகம் ரத்தமாக, உடம்பு ஸ்டீயரிங்கின் மேல் மடிந்து கிடந்தது.

மூன்று விலா எலும்புகள் முறிந்திருந்தன. ஒரு முறிந்த எலும்பு நுரையீரலைக் குத்தியிருந்தது. மூக்கும் வலது மணிக்கட்டும் உடைந்திருந்தன. இரண்டு நாள் கழித்துத்தான் டாக்டர் "பயமில்லை" என்று சொன்னார். ஏர்பேக் விரிந்தும் ஏன் இப்படி என்று மோனிகா கேட்டாள். "பெல்ட் உடம்பைப் பிடிச்சுவெச்சாதான்மா ஏர்பேக் சரியா தாங்கும். இவர் பறந்து போய் அது மேலயே விழுந்திருக்கார்" என்றார் அவர்.

ஜெனிஷாவுக்கு ஏற்பட்டது ஒன்றே ஒன்றுதான். இடது தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே, பெல்ட்டின் அகலத்துக்குக் கன்றிப்போன ஒரு நீலத் தடம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கும் அதேபோல ஒன்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஸ்டீவனைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சபையார், ஆலைக்காரர்கள், தெருக்காரர்கள். "பெல்ட் போட்டிருந்தியாப்பா?" என்று முதலில் கேட்டவர் பாஸ்டர் ஐயாதான். ஸ்டீவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். பிறகு, "போட்டிருந்தேன் ஐயா. போட்டும் இப்படி ஆயிடுச்சு" என்றான்.

சொன்னது சொன்னதுதான். அடுத்து வந்தவர்களிடமும் அதையே சொன்னான். மோனிகா அடுப்படியில் நின்று கேட்டாள். உடம்பு தேறட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் அவள் வேலைக்குத் திரும்பினாள். அவள் பக்கத்து மேசையில் வேலை செய்யும் ஜோதிலட்சுமி தேநீர் இடைவேளையில் ஆதரவாக அவள் கையைப் பிடித்தாள்.

"உங்க ஊட்டுக்காரரு பெல்ட்டு போட்டும் நெஞ்செலும்பு ஒடஞ்சுதாமே அக்கா? எங்க ஊட்டுக்காரரு கேட்டுட்டு இன்னா சொன்னாரு தெரியுமா? 'பாத்தியா, பெல்ட்டுதான் நெஞ்ச இறுக்கி ஒடச்சிருக்கு'ன்னு. இத்தினி நாளு ஒயுங்கா போட்டுக்கினு இருந்த மனுசன், நேத்து போயி சத்தம் வராம இருக்க பூட்டுல சொருவுவாங்களே, அந்தக் கிளிப்ப வாங்கி மாட்டிக்கினு வந்துட்டாரு."

மோனிகா தேநீர் டம்ளரைக் கீழே வைத்தாள். ஜோதிலட்சுமியின் கணவன் பார்த்திபன் கம்பெனி அதிகாரிகளைத் தினமும் சென்னைக்கு அழைத்துப் போய் வரும் கார் டிரைவர். அதே நெடுஞ்சாலை.

"அவுரு பெல்ட்டு போடல ஜோதி. போட்டது நானும் ஜெனியும்தான். ஊட்டுக்குப் போனதும் அந்தக் கிளிப்ப மொதல்ல புடுங்கு" என்றாள்.

அன்று மாலை மோனிகா வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கவில்லை. கட்டிலின் எதிரே போய் நின்றாள்.

"ஜெனிப்பா, நீ உடம்ப ஒடச்சுக்கின. அத்த நான் பாத்துக்கறேன். ஆனா நீ சொன்ன பொய்ய நம்பி பார்த்திபன் கிளிப்பு மாட்டிக்கினு ஓட்டறாரு. நாளைக்கு அவுருக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஜோதி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"எல்லாரும் சிரிப்பாங்க மோனி. பொண்டாட்டி பெல்ட்டு கம்பெனியில வேல செய்யுறா, புருசன் கிளிப்பு மாட்டிக்கினான்னு..."

"சிரிக்கட்டுமே. சிரிச்சுக்கினே போட்டுக்குவாங்க இல்ல?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மோனிகா மகளைக் கூப்பிட்டாள். ஜெனிஷாவின் தோளில் நீலம் போய், அந்தத் தடம் மஞ்சளாகியிருந்தது. ஸ்டீவன் இத்தனை நாளும் அதைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

"இன்னும் வலிக்குதா ஜெனி?"

"இல்ல டாடி. குளிக்கும்போது மட்டும் லேசா."

அவன் இடது கையை நீட்டி அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டினான். தோளில் தொடங்கி அது எங்கே முடிகிறது என்று பார்த்தான். அன்று பின்சீட்டுக் கவரை வெட்ட வேண்டாம் என்று அவன் தடுத்து, மோனிகாவும் அதைக் கேட்டிருந்தால்? அந்த நினைப்பை அவனால் முடிக்க முடியவில்லை. முறிந்த விலா வலிக்க வலிக்க அழுதான்.

மறுநாள் காலையில் பார்த்திபனுக்கு அவனே போன் செய்தான். "நான் சொன்னது பொய்யி பார்த்தி. நான் பெல்ட்டு போடல" என்றான். "ஜோதி நேத்தே சொல்லிச்சுண்ணா. நான் நம்பல. இப்பவே கழட்டிடறேன்" என்றான் பார்த்திபன்.

மதியம் மெக்கானிக் அரசப்பன் வந்தார். "தம்பி, ஏர்பேக் புதுசா போட்டா ரெண்டு மாசம் ஆவும். பேசாம மேல ஒரு மூடி ஒட்டிடலாம். ஏர்பேக் இல்லன்னு காட்டற பல்பும் எரியாம பண்ணிடறேன். பெல்ட்டு பாக்க நல்லாத்தான் கீது, அப்படியே உட்டுடலாம்."

"வேணாம்ணே" என்றான் ஸ்டீவன். "ஒரு தபா இஸ்து புடிச்ச பெல்ட்ட மாத்தியே ஆவணும்னு மோனி சொல்லுது. பெல்ட்டு, ஏர்பேக் எல்லாம் புதுசு போடுங்க. ரெண்டு மாசமோ மூணு மாசமோ, நாங்க ரயில்ல போயிக்கறோம். எரியுற பல்ப அணைக்கற வேல இனிமே என் வண்டியில வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் ஐயா, "மரண வாசலிலிருந்து மீண்ட சகோதரர் சாட்சி சொல்லுவார்" என்று அழைத்தார். கையில் கட்டோடு ஸ்டீவன் மெல்ல எழுந்து மைக்கைப் பிடித்தான். "ஸ்தோத்திரம்" என்று எல்லோரும் சொன்னார்கள்.

"கர்த்தர் என்னக் காப்பாத்துனாரு. அதுக்கு ஸ்தோத்திரம். ஆனா உங்க எல்லார்கிட்டயும் நான் ஒரு பொய் சொல்லியிருக்கேன். அன்னிக்கு நான் பெல்ட்டு போடல. சத்தம் வரக் கூடாதுன்னு பூட்டுல ஒரு இரும்புத் துண்ட சொருவி வெச்சிருந்தேன்."

பின்வரிசையில் யாரோ இருமினார்.

"எம் பொண்டாட்டி பெல்ட்டு போட்டா, எம் பொண்ணு போட்டா. ரெண்டு பேரும் அதோ உக்காந்துகினு இருக்காங்க, ஒரு கீறல் இல்ல. போடாதவன் நான் ஒருத்தன்தான். எலும்பு ஒடஞ்சவனும் நான் ஒருத்தன்தான். அந்த டிங் டிங் சத்தம் எனக்குப் பேஜாரா இருந்துச்சு. வாய அடச்சேன். எச்சரிக்கைய வாயடச்சுட்டா ஆபத்து போயிடாதுங்க. அது வர்றது நமக்குத் தெரியாம போயிடும், அவ்ளோதான். நான் வண்டிய ஏமாத்தறதா நெனச்சேன். ஏமாந்தது நான்தான். இத்தக் கேட்டுட்டுப் போயி ஊட்டுல யாராவது ஒருத்தர் அந்தத் துண்டப் புடுங்கிப் போட்டா, நான் பொழச்சதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, சபை வாசலில் நின்ற நான்கு கார்களில் இரண்டின் பின்கதவுகள் திறந்திருந்தன. ஆண்கள் குனிந்து கவருக்கு அடியில் பூட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் மோனிகாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, நீ அந்தக் கம்பெனிக்காரி. சொல்லு, இத்தப் போட்டா நிச்சயமா உயிர் பொழைக்குமா?"

"நிச்சயம்னு யாராலும் சொல்ல முடியாதுங்கய்யா" என்றாள் மோனிகா. "ஆனா ஒவ்வொண்ணயும் இழுத்துப் பாத்துதான் அனுப்பறோம். ஒயுங்கா செய்யறது எங்க வேல. போட்டுக்கறது உங்க வேல."