ஓர்னெல்லா தன் பாட்டைக் கேட்ட நாள்

கோலியர்ஸ் வுட்டில் குடியேறிய முதல் வாரமே பிரியந்திக்குக் கீழ்வீட்டிலிருந்து பியானோச் சத்தம் கேட்டது. இத்தாலியில், பலெர்மோவில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவள் அவள். இறங்கிப்போய்க் கதவைத் தட்டினாள். திறந்த வயதான பெண் சத்தத்துக்காக ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். அந்த உச்சரிப்பிலேயே ஊர் பிடிபட்டுவிட, பிரியந்தி இத்தாலியனில் பதில் சொன்னாள். ஓர்னெல்லா என்ற அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பலெர்மோவில் இசை படித்து, ஓர் ஆங்கிலேயரை மணந்து இங்கே வந்தவள் ஓர்னெல்லா. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டாள். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தாள். மற்ற நேரமெல்லாம் இசை எழுதினாள். அவள் எழுதிய எதையும் ஒருவரும் மேடையில் பாடியதில்லை.

"ஒருத்தரும் பாடாட்டி ஏன் எழுதிறீங்கள், சிஞ்ஞோரா?" என்று ஒருநாள் பிரியந்தி கேட்டாள்.

"எனக்குக் கேக்குதே. என்ன செய்ய?"

பிரியந்தி பாடும் தேவாலயக் குழுவை நடத்தியவள் இசபெல்; நாகர்கோவில்காரி, டாக்டர். ஓர்னெல்லாவின் லத்தீன் மன்றாட்டுப் பாட்டு ஒன்றை, அவளிடம் கேட்டுக்கொண்டுதான், பிரியந்தி இசபெலிடம் காட்டினாள். இசபெல் நின்றபடியே முழுவதும் படித்தாள்.

"இத எழுதினவங்க உயிரோட இருக்காங்களா?"

"ஓம். எனக்குக் கீழ்வீடு."

இசபெல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தேவாலயத்தில் கச்சேரி வைப்பதற்காகக் குளிர்காலம் முழுக்கக் குழு அந்தப் பாட்டைப் பாடிப் பழகியது. அதற்குள் ஓர்னெல்லா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதால் ஓர் ஒத்திகைக்கும் வர முடியவில்லை. கச்சேரியன்றுதான் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து முன்வரிசையில் விட்டார்கள்.

பிரியந்தி பாடிக்கொண்டே அவளைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்திருந்தாள். ஓர்னெல்லா அழவில்லை. கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் பகுதி வந்தது. குரல்கள் உச்சிக்கு ஏறின, ஓர்கன் முழங்கியது. ஓர்னெல்லா கையை உயர்த்தினாள்.

"நிப்பாட்டுங்கோ!"

இத்தாலியனில் சொன்னாலும் எல்லோருக்கும் விளங்கியது. பாட்டு அறுந்தது. பிரியந்தி ஓடிவந்து அவள் பக்கத்தில் குனிந்தாள்.

"பிழையாப் பாடிப்போட்டமா?"

"நீங்கள் இல்லை, பிள்ளை. நான்தான் பிழையா எழுதிப்போட்டன். தலைக்குள்ள கேக்கேக்க தெரியேல்லை. இதில ஓர்கன் வேண்டாம். ஆம்பிளையளின்ர அடிக்குரல் ஒரே சுரத்தில நிக்கட்டும். மற்ற ஆக்கள் ஒவ்வொருத்தரா அடங்கிப் போகட்டும்."

பிரியந்தி அதை இசபெலுக்குத் தமிழில் சொன்னாள்.

"இப்பவேயா?"

"இப்பவே எண்டுறா."

இசபெல் ஒரு கணம் ஓர்னெல்லாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு சபையின் பக்கம் திரும்பி, "இத எழுதினவங்க ஒரு திருத்தம் சொல்றாங்க, கடைசிப் பகுதிய மறுபடியும் பாடறோம்" என்று ஆங்கிலத்தில் அறிவித்தாள்.

பிரியந்தி தன் இடத்துக்குத் திரும்ப, இசபெல் யார் எந்த வரிசையில் ஓய வேண்டும் என்று குழுவுக்குச் சொன்னாள். பாடினார்கள். கூரைவரை நிறைந்திருந்த சத்தம் ஒவ்வொரு குரலாகக் கழன்றது. பிரியந்தியின் முறை வந்து அவளும் ஓய்ந்தாள். கடைசியில் நான்கு ஆண்களின் அடிக்குரல் மட்டும் நின்றது. மாதக்கணக்காகப் பாடிய பாட்டுக்குள் இப்படியொன்று இருந்ததா? அந்தக் குரலும் எப்போது ஓய்ந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. சபை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது.

"வாழ்நாளெல்லாம் காத்திருந்து கேக்கற பாட்டு," என்றாள் இசபெல் பிரியந்தியிடம். "அவங்க இடத்துல நான் இருந்திருந்தா, பாதியில நிறுத்த எனக்கு மனசு வந்திருக்காது."

வெளியே மழை தூறியது. பிரியந்தி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

"நாளைக்கு வாறியா?" என்றாள் ஓர்னெல்லா. "ரெண்டாவது பகுதியும் சரியில்லை."