இரட்டை ரப்பர்

வேலை நாளில் நடுப்பகலில் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்புவது என்றால் எனக்கு ஆகவே ஆகாது. பள்ளிச் சீருடைகள், கை நீளம் குறைக்க வேண்டிய ஒரு கோட்டு, ஜிப் போன ஒரு பை எல்லாம் மேசைமேல் கிடந்தது கிடந்தபடி கிடந்தன. "இதோ வந்துவிடுகிறோம்" என்ற அட்டையை ஷட்டரில் மாட்டினேன். எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை. பல் டாக்டரிடம் போனவர்கள் எப்போது சொன்ன நேரத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

நானும் என் தங்கையும் ஆல்ட்டரேஷன் கடை வைத்திருக்கிறோம். முப்பது தாண்டி எத்தனையோ வருடமாகியும் அவளை எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிறுவயதிலிருந்தே அவளுடைய மேல்வரிசைப் பல் உதட்டைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். பள்ளிக்கூடத்தில் அதற்கு வைத்த பட்டப்பெயர்களை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னவர்களில் இரண்டு பேரை நான் சாத்தியிருக்கிறேன், அது போதும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், பட்டன் தைத்துக்கொண்டே தலையை நிமிர்த்தாமல், "அக்கா, நான் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கப் போறேன்" என்றாள். இந்த வயதிலா என்று நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

இடம் வேண்டும் என்று மேல்வரிசையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கினார்கள். அந்தக் காலி இடத்தை நோக்கி முன்பற்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்துக்கொண்டு போவதுதான் வைத்தியம். மாதம் ஒருமுறை போய்க் கம்பியை இறுக்கிக்கொண்டு வருவாள். அன்றைக்கெல்லாம் பாலில் ஊறிய ரொட்டிதான் சாப்பாடு. தாடை விண்விண்ணென்று தெறிக்க, முகத்தைச் சுளித்துக்கொண்டே மெஷினை ஓட்டுவாள். ஒரு வார்த்தை புலம்ப மாட்டாள். நானாக இருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன்.

அந்தக் கிளினிக்கில் கம்பிக்கென்று நிலையான டாக்டர் கிடையாது. மாதத்துக்கு ஒருநாள் வெளியிலிருந்து யாராவது வருவார்கள். போன மாதம் வந்தவர் இந்த மாதம் வர மாட்டார். ஒருத்தி அளவெடுத்து, இன்னொருத்தி வெட்டி, மூன்றாமவள் தைத்தால் கை ஒரு பக்கம் போகும், கழுத்து ஒரு பக்கம் போகும். இதை நான் அப்போதே சொன்னேன். "எல்லாரும் டாக்டர்தானேக்கா" என்றாள் சின்னவள். நான் சொல்லி அவள் என்றைக்குக் கேட்டாள்.

போன வாரம் காலையில் ரொட்டியைக் கடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "பல்லு ஆடுதுக்கா." கம்பி போட்டிருந்தால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். நேற்று முறைக்குப் போனபோது, வந்திருந்த டாக்டரம்மா வாயைப் பார்த்துவிட்டுக் கம்பியைத் தொடவே இல்லையாம். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாராம். இதற்காகவே நாளைக்கும் வருகிறேன், வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாராம். வீடு என்றால் நான்தான், வேறு யார் இருக்கிறார்கள்.

காத்திருக்கும் அறையில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் யாராவது பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எரிச்சலாக வந்தது. உள்ளே கூப்பிட்டதும் டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சின்னப் பெண்தான், கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது.

"பக்கத்துப் பல்லுங்களைப் பாருங்க. வேரு எவ்ளோ நீளம் உள்ள போகுது. இந்த முன்பல்லு நாலையும் பாருங்க." பேனாவால் காட்டினார். நாலும் குளியலறையில் தேய்ந்துபோன சோப்புத் துண்டு மாதிரி மொட்டையாக இருந்தன. "வேரு பாதிக்கு மேல கரைஞ்சு போச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "மாசா மாசம் வந்தாளே. நடுவுல ஒரு தடவையாவது படம் எடுத்துப் பார்த்தீங்களா?"

"பார்த்திருக்கணும். பார்க்கல."

"ஏன் பார்க்கல?"

"முன்னாடி வந்தவங்க எடுத்திருப்பாங்கன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சிருக்கோம். நானே நடுவுல ஒரு மாசம் வந்தேன். நானும் அப்படித்தான் நினைச்சேன்."

மறுத்துப் பேசினால் சண்டை போடலாம். ஒத்துக்கொள்கிறவளிடம் என்ன செய்வது? ஆனாலும் விட மனமில்லாமல், இது என்ன கிளினிக்கா சத்திரமா, வந்தவர் போனவர் எல்லாம் வாயில் கைவைக்க என்று ஆரம்பித்தேன். சின்னவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுக்கா. நான் ரெண்டு ரப்பர் போட்டேன்."

மேல் கம்பியிலிருந்து கீழ்க் கம்பிக்கு மாட்டுவதற்குக் குட்டிக் குட்டி ரப்பர் வளையங்களைப் பொட்டலமாகக் கொடுப்பார்கள். பக்கத்துக்கு ஒன்று, இரவில் மட்டும். அவள் பக்கத்துக்கு இரண்டாக, பகலிலும் போட்டிருக்கிறாள்.

"சுருக்கு சரியா நிக்கலைன்னா ரெண்டு எலாஸ்டிக் வச்சுத் தைப்போம்ல. அந்த மாதிரி சீக்கிரம் மூடிடும்னு..." என்று என்னைப் பார்த்துச் சொன்னாள், டாக்டரைப் பார்த்து அல்ல.

"எவ்ளோ நாளா?" டாக்டரம்மா கேட்டார்.

"ரப்பர் கொடுத்ததிலேருந்தே."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "பல்லு துணி இல்லீங்களே. மெதுவா தள்ளினாத்தான் எலும்பு வழி விடும். அடிச்சுத் தள்ளினா வேரு கரையலாம்" என்றார்.

"அப்ப என்னாலதானா?"

"அப்படியும் சொல்ல முடியாது. ஒழுங்கா ஒண்ணே போட்டவங்களுக்கும் கரையுது. நாங்களும் பார்க்கல, நீங்களும் ரெண்டு போட்டீங்க, உங்க உடம்பு வாகும் இருக்கலாம். எது எவ்ளோன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இன்னைக்கே கம்பியைக் கழட்டணும். இழுக்கிறதை நிறுத்தினா பெரும்பாலும் கரையறதும் நின்னுடும். போன வேரு திரும்பி வராது. பல்லுக்குப் பின்னால மெல்லிசா ஒரு கம்பி ஒட்டிடுறேன். முன்பல்லால எதையும் கடிக்காம இருந்தா நிறைய வருஷம் நிக்கலாம்."

"இந்தச் சந்து?" சின்னவள் வாயின் இரண்டு ஓரத்தையும் தொட்டுக் காட்டினாள். பிடுங்கிய இடம் பாதிதான் மூடியிருந்தது.

"அது அப்படியேதான் இருக்கும்."

"அதை மூடிட்டுக் கழட்டுங்க டாக்டர். இன்னும் கொஞ்ச மாசம்."

"மூடுறதுக்குள்ள பல்லு இருக்காதும்மா."

சின்னவள் எழுந்தாள், பையை எடுத்தாள், போய்விட்டாள். கதவைக்கூடச் சாத்தவில்லை.

மாடிப்படித் திருப்பத்தில் பிடித்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கிளினிக் இருக்கிறதாம், அங்கே கேட்டால் இறுக்கிவிடுவார்களாம். இன்னொரு நாளாக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். திட்டத் தெம்பில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அலுத்துப்போயிற்று. இந்தப் பல்லுக்காக அவள் அழுததெல்லாம், நான் அடித்ததெல்லாம், பாலில் ஊறிய அந்த ரொட்டியெல்லாம், எல்லாமே அலுத்துப்போயிற்று.

"உனக்குப் பைத்தியமாடி? பல்லு மொத்தமா கொட்டிப்போச்சுன்னா?"

"பாதியில விட்டா என்னக்கா அர்த்தம்? ஒரு கை தைச்சு ஒரு கை தைக்காத சட்டையை யார் போட்டுக்குவா?" அவளும் எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். "நாலு பேரு என்கிட்ட பேசும்போது என் கண்ணைப் பார்த்துப் பேசணும். வாயைப் பார்த்து இல்ல. அவ்ளோதான் நான் கேட்டது."

நான் அவள் முதுகில் கை வைத்தேன்.

"அவங்க பயமுறுத்துறாங்க. அவ்ளோ ஒண்ணும் ஆடல. வேணும்னா நீயே தொட்டுப் பாரு" என்று மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள்.

ஆள்காட்டி விரலை முன்பல்மேல் வைத்தேன். அழுத்தக்கூட இல்லை. விரலோடு கூடவே உள்ளே போய், விரலை எடுத்ததும் திரும்பி வந்தது. ஒற்றை நூலில் தொங்கும் பட்டன் எப்படி நகரும் என்று இந்தக் கைக்குத் தெரியும். பக்கத்துப் பல்லைத் தொட்டேன். அதுவும் அப்படியே.

தைக்கவே ஆரம்பிக்காத துணிக்கு "நாளைக்கு ரெடி" என்று கண்ணிமைக்காமல் சொல்கிறவள் நான். இப்போதும் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

சின்னவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை மெல்ல இறக்கினாள்.

"அவ்ளோவாக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

யாரோ ஒருவர் எங்களைத் தாண்டிப் படியேறிப் போனார். சுவரோரம் ஒதுங்கி வழி விட்டோம். பிறகு அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "வா, கழட்டச் சொல்லலாம்" என்று எனக்கு முன்னால் ஏறினாள்.

டாக்டரம்மா ஒவ்வொரு முன்பல்லையும் பின்னாலிருந்து ஒரு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஒட்டியிருந்த கிளிப்பைக் குறடால் நெருக்கினார். ஒவ்வொன்றும் டக்கென்று விடும்போது சின்னவள் என் கையை நெரித்தாள். பின்னால் கம்பியை ஒட்டி, பசையைத் தேய்த்து எடுத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு ஒரு கண்ணாடியை நீட்டினார். சின்னவள் அதை வாங்கவில்லை.

"நீ பார்த்துச் சொல்லுக்கா, எப்படி இருக்குன்னு."

அவள் சிரித்தாள். முன்பற்கள் நாலும் வரிசையாக, ஒன்றை ஒன்று இடிக்காமல், உதட்டுக்குள் அடங்கி இருந்தன. ஓரத்துச் சந்து உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை.

"நல்லா இருக்குடி" என்றேன்.

உண்மையாகவே நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.