ஈஸ்டர் ஞாயிற்று அப்டேட்

என் புருஷன் தௌனோ எந்த வேலையில் இறங்கினாலும் முதலில் ஒரு சடங்கு நடக்கும். சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில் நெருப்பு மூட்டும் முன் பழைய சாம்பலை அள்ளிக் கொட்டுவான். கணினியில் முக்கியமான காரியம் ஏதாவது இருந்தால் முதலில் அப்டேட் போடுவான். இப்போது வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

காகித ஆலையில் வேலை பார்த்த நாளிலிருந்தே அவனுக்கு லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தின் மேல் பைத்தியம். காசு கொடுத்து வாங்கும் சிஸ்டம் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. எனக்கு அதில் ஒரு மண்ணும் புரியாது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் அக்கா ஹில்காவை எங்கள் அடுக்களை மேசைக்குக் கொண்டுவந்தது அந்தக் கணினிதான். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஹில்கா சின்ன வயதிலேயே கனடாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவள். தொண்டையில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை செய்ததில் குரல் போய்விட்டது. அவளால் போனில் என்ன பேச முடியும்? கணினியில் முகம் தெரிந்தால்தான் உண்டு. இவன் இங்கிருந்து பேசுவான், அவள் வெள்ளைப் பலகையில் எங்கள் ஃபின்னிஷ் மொழியில் எழுதித் தூக்கிக் காட்டுவாள். 'தாடியை மழிடா, பிச்சைக்காரன் மாதிரி இருக்கே' என்று ஒரு தடவை எழுதினாள். அன்றே மழித்துவிட்டான்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் அவள் மகன் டென்னிஸ் கூப்பிட்டான். டாக்டர் கைவிரித்துவிட்டார், இன்றோ நாளையோ என்றுதான் இருக்கிறது. காலையில் மருந்து ஏற்றும் முன் ஒரு மணி நேரம்தான் அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறதாம். அது நமக்குச் சாயங்காலம் நாலு மணி. எங்கள் வீட்டெதிரே ஏரியில் உறைந்த பனி உடைவதை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறாளாம்.

ஞாயிறு மத்தியானம் காப்பி குடித்ததும் தௌனோ கணினியை ஜன்னலோரம் நகர்த்தினான். ஏரி நன்றாகத் தெரிந்தது, நடுவில் கறுப்பாகத் தண்ணீர் திறந்திருந்தது. அப்போதுதான் அவனுக்குக் கை அரித்தது.

"அப்டேட் போட்டுடறேன்."

"இன்னிக்கா? நேத்து நல்லாத்தானே ஓடிச்சு?"

"பேசிட்டிருக்கும்போது நடுவுல மக்கர் பண்ணக்கூடாதுல்ல, ஐலி."

அப்டேட் முடிந்தது. கணினியை அணைத்து மறுபடி போட்டான். பக்கத்தில் செருகியிருந்த குட்டி மோடத்தில் எப்போதும் எரியும் பச்சை விளக்கு எரியவில்லை. எங்கள் காட்டுக்குள் இன்டர்நெட் வருவது அந்த ஒரு குச்சி வழியாகத்தான், எங்கள் பழைய போன் பேசுவதற்கு மட்டும்தான் ஆகும். கழற்றினான், ஊதினான், செருகினான். கறுப்புத் திரையில் வரிவரியாக எதையோ அடித்தான். மோடம் செத்த எலி போலக் கிடந்தது.

"ரெய்யோ வீட்டுக்குக் கணினியைத் தூக்கிட்டுப் போயிடலாமா? அங்க கம்பி வழியா நெட் இருக்கே," என்றேன். ரெய்யோ ஆலைக் காலத்துக் கூட்டாளி, அவனும் லினக்ஸ் பைத்தியம். காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்போது கிளம்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

"பத்து நிமிஷம் குடு. சரி பண்ணிடறேன்."

இந்தப் பத்து நிமிஷத்தைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கௌரவத்தை விட்டு அவன் ரெய்யோவுக்குப் போன் போட்டபோது மூன்றரை. ரெய்யோவின் குரல் எனக்கும் கேட்டது.

"புது கெர்னல்ல அந்த மோடத்தோட டிரைவர் இல்லடா. பழைய கெர்னல்லயே கிளப்பு, எல்லாம் ஓடும்." கெர்னல் என்பது சிஸ்டத்தின் இதயம், டிரைவர் என்பது மோடத்தை ஓட்டும் சின்ன நிரல் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"பழசு இல்ல."

"இல்லன்னா?"

"அப்டேட் முடிஞ்சதும் பழசையெல்லாம் துடைச்சுட்டேன். எப்பவும் அப்படித்தான் செய்வேன்."

"வழுக்கி விழுந்தா பிடிச்சுக்கத்தான்டா அதை விட்டு வைக்கிறது. சாம்பல்னு நெனச்சியா, அள்ளிக் கொட்ட? இனிமே டிரைவரை நெட்லேருந்துதான் இறக்கணும்."

"நெட்டுக்குத்தானே டிரைவரே வேணும்!" என்று தௌனோ கத்தினான். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்க எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

நாலு மணிக்கு நான்தான் டென்னிஸின் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். "காதுல வச்சாலாவது உன் குரலைக் கேப்பா. பேசு, கிழவா." டென்னிஸ் போனை நர்ஸிடம் கொடுத்து அம்மாவின் காதில் வைக்கச் சொல்லிவிட்டு, அங்கே கணினியோடு மல்லுக்கட்டப் போனான். அவனும் மாமாவைப் போலத்தான், கோளாறு தன் பக்கமோ என்று அவனுக்குச் சந்தேகம்.

"அக்கா," என்றான் தௌனோ. மறுபக்கம் குழாய் வழியாக மூச்சு விடும் சத்தம் மட்டும். "நெட் போயிடுச்சு. டிரைவர் பிரச்சனை. பனி நடுவுல உடைஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு நாள்ல மொத்தமும் போயிடும்."

மூச்சு கேட்டது. அவன் என்னைப் பார்த்தான். எங்கள் ஊர் ஆண்களுக்குப் போன் என்றால் சேதி சொல்லத்தான். சேதி தீர்ந்தால் வைத்துவிடுவார்கள், வைக்கட்டுமா என்று கேட்கும் வழக்கம் கிடையாது.

"நாளைக்குச் சரி பண்ணிடறேன். நீயே பாக்கலாம்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் ரெய்யோ வீட்டுக்குப் போய் டிரைவரை எடுத்துவந்தான். மூன்று மணிக்கெல்லாம் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. சின்னப் பிள்ளை போல என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். கேமராவை ஏரிப்பக்கம் திருப்பி, ஹில்காவின் பெயரை அழுத்தினான்.

திரையில் டென்னிஸ் மட்டும் இருந்தான். பின்னால் கட்டிலில் விரிப்பை எடுத்திருந்தார்கள்.

"ராத்திரி போயிட்டாங்க, மாமா," என்றான். தௌனோ தலையை மட்டும் ஆட்டினான். "நேத்து நீங்க பேசினப்ப அம்மா பலகையில என்னமோ எழுதி போனுக்கு நேரா தூக்கிக் காட்டிக்கிட்டே இருந்தாங்களாம். நர்ஸுக்கு உங்க பாஷை தெரியாதே. எனக்கும் படிக்கத் தெரியல. அழிக்க மனசு வரல. என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்துச் சொல்லுங்க."

பலகையைத் தூக்கிப் பிடித்தான். கோணல்மாணலான எழுத்துதான், ஆனால் தெளிவாகத் தெரிந்தது.

'வச்சிடாதடா. பேசிட்டே இரு.'

தௌனோ வாயைத் திறக்கவில்லை. நான் அவன் தோளைப் பிடித்தேன், அவன் அசையவில்லை.

"மாமா?" என்றான் டென்னிஸ் பலகைக்குப் பின்னாலிருந்து. "கேக்குதா? நெட் போயிடுச்சா?"

மோடத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.