கழிக்காமல் விட்ட வேகம்

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் வரிசையில் அண்ணிக்குப் பல வருடப் பழக்கம். நாத்தனார் மேலாண்மை படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது, மேனேஜரிடம் நடையாய் நடந்து அவளை உள்ளே சேர்த்துவிட்டவளும் அண்ணிதான்.

நாத்தனாருக்குக் கிடைத்த வேலை, தையல்காரிகளின் பின்னால் ஸ்டாப்வாட்சோடு நிற்பது. வகுப்பில் படித்ததுதான். நூறு வருடத்துக்கும் முன் இரும்பாலையில் மண்வாரி பிடித்தவர்கள் பக்கத்தில் ஒரு பொறியாளர் கடிகாரத்தோடு நின்றார். எந்த வேலைக்கும் சிறந்த முறை ஒன்றுதான், அதை அளந்து கண்டுபிடித்து எல்லோரையும் அப்படியே செய்யவைக்கலாம் என்றார். பின்னால் வந்தவர்கள் ஒரு ஆளுக்கு ஒரே அதிகாரி, எல்லாவற்றுக்கும் எழுதிய விதி என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். தேர்வில் இதையெல்லாம் அவள் தண்ணீர் பட்ட பாடாய் எழுதியிருந்தாள்.

வந்த வேகத்திலேயே அவளுக்குக் 'கடிகாரம்' என்று பெயர் விழுந்தது. வைத்தவள், வரிசையில் எல்லோரும் வாயாடி என்று கூப்பிடும் தையல்காரி. கடிகாரம் வருது, கொட்டாவி விடறவங்க இப்பவே விட்டுக்கோங்க என்பாள். அண்ணியும் சேர்ந்து சிரிப்பாள்.

முதல் அளவுக்கு மேனேஜர் அண்ணியைக் கைகாட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். அண்ணி தலை நிமிரவில்லை. துணியை எடுத்தாள், மடித்தாள், ஓட்டினாள், திருப்பினாள். அது அவளுடைய வழக்கமான வேகமே இல்லை. முதுகுத் துணி வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. இப்படி யாராவது மிஞ்சி ஓட்டினால், அந்த மிச்ச வேகத்தைக் கழித்துவிட்டுத்தான் அளவு சொல்ல வேண்டும். அதற்கும் விதி உண்டு.

"பரவாயில்லையே" என்றார் மேனேஜர்.

நாத்தனார் எதையும் கழிக்காமல் 'சாதாரண வேகம்' என்று எழுதினாள்.

அடுத்த வாரம் அதுவே எல்லோருக்கும் இலக்கானது. வரிசையில் பேச்சு அடங்கிப்போனது. இலக்கை எட்டாத வாயாடியை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அண்ணியாலேயே அண்ணியின் வேகத்தை எட்ட முடியவில்லை. அவளை நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே நாள் முழுக்க நின்றபடி வேலை.

அன்று சாயங்காலம் அண்ணி வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் கதவோரம் நின்றாள்.

"ஏன் அண்ணி அப்படி ஓட்டினீங்க?"

"முதல் நாள் உனக்கு நல்ல பேர் வரட்டும்னுதான். நீ கழிச்சுக்குவேன்னு நினைச்சேன். நீதானே அப்படி ஒரு விதி இருக்குன்னு வீட்ல சொன்னே."

"கழிச்சிருக்கணும்."

"சரி, விடு. அந்தத் துண்டை எடு."

எடுத்துக் கொடுத்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போய், அளவு தப்பு, மறுபடி எடுக்கலாம் என்றாள். அவர் கோபப்படவில்லை. பலகையில் எழுதி ஒட்டிய இலக்கைக் குறைத்தால் நாளைக்கு ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள், சட்டைக் கை தைக்கும் பிரிவு இன்னும் அளக்காமல் பாக்கி இருக்கிறதே, அங்கே போ என்றார். போனாள். அங்கே தைத்துக்கொண்டிருந்தவள் கடிகாரத்தோடு இவளைப் பார்த்ததும், இலக்கு குறையட்டும் என்று தண்ணீருக்குள் கையை ஆட்டுவதுபோல மெதுவாகத் தைக்கத் தொடங்கினாள். இவள் எதையும் கூட்டாமல் அதையும் 'சாதாரண வேகம்' என்றே எழுதினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். காலர் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து அண்ணிக்கு இடம் கொடுத்தாள். உட்கார்ந்ததும் அண்ணி நாத்தனாரின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.