ஒன்றேகால் லிட்டர் ராக்கெட்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: சென்ற வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணியளவில், கல்வராயன் மலையிலிருந்து விண்வெளியை நோக்கி ஒரு ராக்கெட் ஏவப்பட்டது. எரிபொருள், குழாய்த் தண்ணீர். உந்துவிசை, சைக்கிள் பம்பு. ராக்கெட்டின் உடல், கல்யாண மண்டபத்தில் யாரோ குடித்துவிட்டுப் போட்ட ஒன்றேகால் லிட்டர் கலர் பாட்டில்.

இந்த மூன்றையும் பற்றி விழாவுக்குக் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனரில் ஒரு வார்த்தை இல்லை. அதில் முன்னாள் ஒன்றியத் தலைவர் தமிழ்வேந்தன் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே தலைமை ஆசிரியர் நாராயணசாமி முழங்கால் உயரத்தில் கும்பிட்டார். மூலையில் ஏதோ வெளிநாட்டு ராக்கெட் தீ கக்கியது. பாட்டிலைச் செய்த இருபத்தாறு பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை.

அந்த இருபத்தாறு பேரும் செந்தமிழ்ச்செல்வி டீச்சரின் ஐந்தாம் வகுப்பு. மலையடிவாரத்துப் பள்ளியில், சத்துணவுக் கூடத்தின் பின்பக்கம், இரண்டு மாதமாக வெள்ளிக்கிழமை மதியமெல்லாம் அவர்கள் நனைந்துகொண்டிருந்தார்கள். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, சைக்கிள் டியூபின் வால்வைச் செருகிய ரப்பர் கார்க்கால் அடைத்து, தலைகீழாக நிறுத்திக் காற்றடிப்பார்கள். பிடித்திருக்கும் கிளிப்பைக் கயிற்றால் இழுத்தால் பாட்டில் கிளம்ப வேண்டும். முதல் வாரம் அது தவளை மாதிரி தத்தியது. இரண்டாவது வாரம் சாம்பார் அண்டாவில் விழுந்தது.

எவ்வளவு தண்ணீர் என்பதுதான் சிக்கல் என்று கண்டுபிடித்தவள் தேவதர்ஷினி. அவளுடைய அம்மாவும் அப்பாவும் கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவர்கள். இருபத்து மூன்று முறை ஊற்றிப் பார்த்து, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டாள். அன்றைக்கு டீச்சர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள், மலைக்குச் சுற்றுலா போகும்போது கயிற்றை நீதான் இழுக்கிறாய் என்று.

விஷயம் தலைமை ஆசிரியர் காதுக்குப் போனது. சுற்றுலா விழாவானது. வேன் வாடகையை ஏற்ற தமிழ்வேந்தன் சிறப்பு விருந்தினரானார். சிறப்பு விருந்தினர் கயிறு இழுக்காமல் என்ன செய்வார்?

"பாப்பா இழுத்தா பேப்பர்ல வராது டீச்சர்" என்றார் நாராயணசாமி.

செந்தமிழ்ச்செல்வி வாயைத் திறக்கவில்லை. இருபது வருட சர்வீசில் அந்த வித்தையை நன்றாகக் கற்றிருந்தாள். தேவதர்ஷினியிடம் சொன்னபோது அந்தப் பெண் "பரவால்ல டீச்சர்" என்றது. அழுதிருந்தால் தேவலை. அந்தப் 'பரவால்ல' மூன்று நாளாக மீன் முள் மாதிரி டீச்சரின் தொண்டையில் குத்திக்கொண்டிருந்தது.

மலைமேல், வெள்ளிமலை ஊருக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். பாட்டிலுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாகிவிட்டது. நாராயணசாமி மைக்கைப் பிடித்து, வந்தவர், வராதவர், வர நினைத்தவர் எல்லாரையும் 'அவர்களே' போட்டு முடிக்கப் பதினெட்டு நிமிடம் ஆனது. தமிழ்வேந்தனைக் கல்விக் கடல் என்றார். வெயிலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அந்தக் கடலைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள்.

பேசி முடித்துத் திரும்பியவரின் கண் பாட்டிலில் விழுந்தது. சிவப்புக் கோடு வரைக்கும்தான் தண்ணீர். வாசலில் நிறைகுடம் வைத்து வரவேற்கிற ஊரில், கல்விக் கடலுக்கு முன்னால் முக்கால்வாசி காலியான பாட்டிலா? "தலைவரு முன்னாடி கொறகொடத்தையா வைப்பாங்க?" என்று பல்லைக் கடித்தபடி, தன் தண்ணீர் கேனைத் திறந்து கழுத்து மட்டும் ரொப்பி, கார்க்கையும் தானே அடைத்தார்.

தேவதர்ஷினி டீச்சரின் முந்தானையை இழுத்தாள்.

"டீச்சர், சார் ரொப்பிக்கினு இருக்காரு."

"பாத்தேன்."

"மேல போவாது டீச்சர்."

"தெரியும்" என்றாள் செந்தமிழ்ச்செல்வி. "நீ பம்ப அடி."

வாயைத் திறக்காத வித்தை வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு இனித்தது.

தேவதர்ஷினி காற்றடித்தாள். தமிழ்வேந்தன் புகைப்படக்காரர் சொன்ன பக்கம் முகத்தைத் திருப்பிக் கயிற்றை இழுத்தார். ராக்கெட் அவருடைய மார்பு உயரம் வரை போனது, யோசித்தது, சாய்ந்தது, வயிற்றில் இருந்த அத்தனை தண்ணீரையும் கல்விக் கடலின் மேல் கொட்டிவிட்டுக் காலடியில் விழுந்தது.

நாராயணசாமி கை தட்டினார். இருபத்தாறு பேரில் ஒருவரும் தட்டவில்லை. "இது நம்ம நாலாவது தபா மாரியே" என்று யாரோ நோட்டைப் புரட்டினார்கள்.

தமிழ்வேந்தன் நல்ல காலமாகக் கரும்பு விவசாயியும்கூட. போர்வெல் மோட்டாரோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவர். தோள் துண்டு, வெள்ளைச் சட்டை எல்லாம் சொட்டச் சொட்ட, பம்போடு நின்றவளைப் பார்த்து, "இன்னா பாப்பா கோளாறு?" என்றார்.

"தண்ணி ஜாஸ்திங்க. காத்துக்கு எடம் இல்லீங்க."

"யாரு ஊத்தனது?"

தேவதர்ஷினி பம்பின் கைப்பிடியைத் துடைத்தாள். நாராயணசாமி ஒரு சில்வர் ஓக் மரத்தை வாழ்நாளில் பார்த்தே இராதவர் போல ஆராய்ந்துகொண்டிருந்தார். செந்தமிழ்ச்செல்வி முன்னால் வந்து பாட்டிலை எடுத்தாள். மிச்சச் சொட்டையும் உதறி, பொட்டு அழியாமல் துடைத்து, தேவதர்ஷினியிடம் கொடுத்தாள்.

"கோடு வரைக்கும் ஊத்து. கயிற நீ இழு" என்றாள், மைக்குக்கே கேட்கிற குரலில். தலைமை ஆசிரியர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. தமிழ்வேந்தன் கயிற்றைப் பாப்பாவிடம் நீட்டினார். இரண்டாவது குளியலுக்குப் பயந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டார்.

தேவதர்ஷினி குந்தி உட்கார்ந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து, தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டு கூடிவிட்டது என்று கீழே விட்டாள். கார்க்கைத் திருகி அடைத்தாள். இருபத்தாறு பேரும் எண்ண எண்ண, ஒவ்வொரு அடிக்கும் உடம்பு முழுவதும் எழும்பி இறங்க, காற்றடித்தாள். இருபதில் நிறுத்தினாள். இழுத்தாள்.

பாட்டில் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தூறல் மட்டும் நின்றது. பாட்டிலைக் காணோம். எல்லாரும் அண்ணாந்தார்கள். சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே, குங்குமப் பொட்டோடு, அது வெயிலில் மின்னிக்கொண்டு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் மைக் கொய்யென்றது. தமிழ்வேந்தன் தான் நனைந்ததை மறந்து விசிலடித்தார். செந்தமிழ்ச்செல்விக்குத் தொண்டையில் முள் இல்லை; கண்ணில்தான் ஏதோ. கயிற்றைக் கையில் சுற்றியபடி தேவதர்ஷினி அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு எந்த ஃப்ளெக்ஸும் அகலம் போதாது.

நாராயணசாமிக்கு உயிர் வந்தது. மைக்கைப் பிடித்தார். நமது பள்ளியின் ராக்கெட் மேகத்தைத் துளைத்தது என்றார், உலகமே அண்ணாந்து பார்க்கிறது என்றார். பிறகு, அறுபதடி தள்ளிக் கோணமானியில் நூலும் நட்டும் கட்டி உயரம் பார்த்துக்கொண்டிருந்த ஐந்தாம் வகுப்புப் பிரவீன்குமாரைக் கூப்பிட்டு, எவ்வளவு உயரம் என்று உலகத்துக்குச் சொல்லும்படி மைக்கை நீட்டினார். பையன் கட்டத்தாளில் கோடு போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"எழுவத்தி ரெண்டு அடி சார்."

தலைமை ஆசிரியர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். மலையே மூவாயிரம் அடி இருக்கிறதே, அதையும் சேர்த்துச் சொன்னால் என்ன என்று கேட்டார்.

தேவதர்ஷினி சொன்னாள்: "மலைய நாம செய்யலீங்களே சார்."