மாப்பிள்ளைக் கொக்கி

கொழும்பு பஸ்ஸை விட்டு இறங்கிய மனிதர் முதலில் அண்ணாந்து பார்த்தார். வினை அங்கேதான் தொடங்கியது.

கல்முனையில் இறங்குகிறவர்கள் ஒன்றில் தங்கள் மூட்டையைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் தேத்தண்ணிக் கடையைப் பார்ப்பார்கள். இவர் தோல் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருவுக்கு மேலே ஓடும் வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நடந்தார். கடைக்குக் கடை இழுத்த வயர். வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டிலுக்கு இழுத்த வயர். எது பதிந்தது, எது பதியாதது என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

தேத்தண்ணிக் கடைக் கச்சிமுகம்மது சீனிக் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார்.

"கறண்ட் றெய்ட்!"

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் மனிதரை முந்திக்கொண்டு ஓடியது. அவர் மீன் சந்தையைத் தாண்டுவதற்குள் அது பள்ளிவாசலைத் தாண்டிவிட்டது.

அது எண்பத்திரண்டாம் ஆண்டு. தமிழ்த் தெருவுக்கும் முஸ்லிம்களின் சோனகத் தெருவுக்கும் நடுவில் ஒருவரும் கயிறு கட்டாத காலம். அந்தப் பகலை நினைத்தால் றுகையாவுக்கு இப்போதும் முதலில் சிரிப்பு வரும். பிறகுதான் மற்றது வரும்.

"றுகையா ராத்தா! கொக்கியக் கழட்டுங்க! கறண்ட் ஆள் வாறாராம்!" கிடுகு வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுச் சுஹறாவின் தலை மட்டும் தெரிந்தது.

"எந்தக் கொக்கிய?"

"எல்லாத்தையும்! கொக்கி இரிந்தாக் கள்ள வயர் எண்டு எழுதுவாராம்!"

கொக்கி என்றால் றுகையாவின் புருஷன் அபுல் ஹஸன் செய்த கொக்கி. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன் அவன். கடற்கரைக் காற்றில் கொப்போடு கட்டிய வயர் உரசி உரசித் தோல் கிழிந்துபோவதைப் பார்த்து, பழைய வாளிப் பிடியின் கம்பியை வளைத்து அதைச் செய்தான். மேலே கொப்பைப் பிடிக்கும் வளைவு. கீழே சைக்கிள் டியூப் றப்பர் சுற்றிய வாய். வயரின் பாரம் இழுக்க இழுக்க வாய் இறுகும். ஒரு தடியால் வயரைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் தானாகத் திறக்கும். அவ்வளவுதான். ஆனால் அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் வயர் இழுக்கிறவர்கள் அதைத் தேடி வந்து வாங்கினார்கள்.

தேடி வந்தவர்களில் ஒருவன் கொழும்புக்காரன். வெள்ளைச் சேட்டும் வாய் நிறையச் சிரிப்புமாக வந்து, றுகையா போட்ட தேத்தண்ணியைக் குடித்து, "அருமையான மூளை" என்று புகழ்ந்து, மாதிரிக்கு என்று சில கொக்கிகளை வாங்கிப் போனான். அடுத்து வந்தது அவனுடைய கம்பனி வக்கீலின் கடிதம். இந்தக் கொக்கிக்கு எங்கள் கம்பனி ஆக்கவுரிமை கேட்டு மனுப் போட்டிருக்கிறது. உரிமை கிடைத்தபின் நீ இதைச் செய்தால் வழக்கு.

அபுல் ஹஸன் இரண்டு நாள் சோறு சரியாகத் தின்னவில்லை. பிறகு பிறக்கிராசி வக்கீல் ஒருவரைப் பிடித்து மறுப்பு எழுதினான்: இது ஊர் முழுக்க எப்போதிருந்தோ பாவிக்கிற சாமான், புதிதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. கொழும்புக் கந்தோரில் அதற்கு என்ன நடந்தது என்று தெரியாது. ஜீப்பில் ஒரு பெரிய ஆள் வருவார் என்று அவன் றுகையாவிடம் சொல்லிவைத்திருந்தான்.

ஜீப்பில். பஸ்ஸில் என்று சொல்லவில்லை.

அன்றைக்குப் பார்த்து அவன் மாவடிப்பள்ளியில் ஒரு கலியாண வீட்டுக்கு வயர் இழுக்கப் போயிருந்தான். றுகையா முக்காட்டை இறுக்கிக்கொண்டு தடியை எடுத்தாள். குசினிப் பக்கம், கிணற்றடி, வாசல் எல்லாம் கழற்றி நெல்லுக்குள் புதைத்தாள். மிச்சம் பூவரச மரத்தில் இருந்த ஒன்று. அது அசையவில்லை. சுத்தியலால் நாலு போடு போட்டாள். பட்டைதான் தெறித்தது.

"சனியன்! நீயும் அவரப் போலதான்" என்று மரத்தைத் திட்டிவிட்டு, அதன்மேல் ஒரு ஈரச் சாறனைக் காயப் போட்டாள்.

தெரு முழுக்க இதே வேலை. வயர்கள் வேலியில் தொங்கின, கூரையில் கிடந்தன, ஒருவருடைய ஆடு அவற்றில் ஒன்றைக் கடித்துப் பார்த்தது. வந்த மனிதர் கச்சிமுகம்மதுவின் கடைக்குள் நுழைந்து ஒரு தாளை விரித்தார். அதில் கொக்கியின் படம்.

"காக்கா, இப்பிடி ஒரு சாமான் இந்தப் பக்கம் பாவிக்கிறாங்களா?"

"இதா? வாழ்க்கையில கண்டதில்ல சேர்."

"வயர் தூக்கிற கொக்கி."

"எங்களுக்கு ஏது சேர் வயர்? நாங்க எல்லாரும் குப்பி லாம்புதான்."

மனிதர் மேலே பார்த்தார். தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"அப்ப இது?"

கச்சிமுகம்மது ஒரு கணம்தான் தடுமாறினார். "அது கடக்கரைக் காத்துக்குச் சுத்துது சேர்."

இப்படியே கடைக்குக் கடை. தையற்கடையில் காணவில்லை. சைக்கிள் கடையில் கேள்விப்படவும் இல்லை. 'அபுல் ஹஸன் வீடு எது?' என்று கேட்டதற்கு மட்டும் உண்மை சொன்னார்கள்.

அவர் றுகையாவின் வாசலுக்கு வந்த நேரமும் அபுல் ஹஸன் சைக்கிளில் வந்து இறங்கிய நேரமும் ஒன்றாக இருந்தது.

"நீங்கதானே அபுல் ஹஸன்? நான் கனகரெத்தினம். ஊர் தம்பிலுவில். ஆக்கவுரிமைக் கந்தோரில பரிசோதகர். லீவில ஊருக்கு வாறன். உங்கட பைல் என்ர மேசையிலதான் கிடந்தது. போற வழியில நேர பாத்துட்டு வா எண்டு பெரியவர் சொன்னவர்."

அபுல் ஹஸனின் முகம் பெருநாள் பிறை கண்டதுபோல விரிந்தது. "வாங்க சேர், வாங்க! ஊர் முழுக்கத் தொங்குது, பாத்திருப்பீங்களே!"

"அதுதான் காக்கா விளங்கல்ல." கனகரெத்தினம் கதிரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். "ஒரு கொக்கியும் இல்ல. கேட்ட ஆக்கள் எல்லாரும் பிறந்த நாளிலிருந்து கண்டதே இல்ல எண்டுறாங்க."

"எவன் சொன்ன?"

அபுல் ஹஸன் வாசலுக்கு ஓடினான். தெருவைப் பார்த்தான். வேலிகளில் செத்த பாம்புகள் போல வயர்கள். திரும்பி வந்தவன் றுகையாவைப் பார்த்தான். அவள் கதவுக்குப் பின்னால் நின்று நெல் மூட்டையைப் பார்த்தாள்.

"கறண்ட் ஆள் எண்டு நினைச்சிட்டம்" என்றாள் மெதுவாக.

"நீயுமா புள்ள?"

அந்தக் கேள்வியில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இருக்கவில்லை.

அபுல் ஹஸன் கொட்டிலுக்குள் ஓடி, கை நிறையக் கொக்கிகளை அள்ளி வந்தான். கனகரெத்தினம் தலையை அசைத்தார்.

"புதுசக் காட்டிப் பிரயோசனமில்ல. நேத்துச் செஞ்சது எண்டுவான் கம்பனிக்காரன். அவன்ட மனு போன வருஷக் கடைசியில போட்டது. அதுக்கு முதலே இது நாலு பேர் கண்ணுக்கு முன்னால தொங்கினது எண்டு காட்ட வேணும்."

"இந்தா, தெருவக் கூப்பிடுறன் சேர். எல்லாரும் வந்து சொல்லுவாங்க."

"காலத்தால இல்லெண்டவன் பின்னேரம் ஓமெண்டு சொன்னா, அத நான் எப்பிடி எழுத?" அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அக்கரைப்பற்று பஸ் வந்திரும். அதுக்கு முதல் ஏதும் இருந்தாச் சொல்லுங்க."

அபுல் ஹஸன் கொக்கிகளை நிலத்தில் வைத்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். ஏன் அடுக்குகிறான் என்று அவனுக்கே தெரியாது.

றுகையா பின்பக்கம் பார்த்தாள். பூவரசில் சாறன் ஆடிக்கொண்டிருந்தது.

அது அங்கே இருக்கிறது. அதைக் காட்டினால் கதையையும் சொல்ல வேண்டும். அந்தக் கதையைத் தன் காது கேட்க யாரும் சொல்லக்கூடாது என்று ஊரை அடக்கி வைத்திருப்பவளே அவள்தான். மதினி ஒருத்தியோடு அதற்காகவே ஒரு நோன்பு மாசம் முழுக்கக் கதைக்காமல் இருந்திருக்கிறாள். பெண்கள் கூடுகிற இடத்தில் யாராவது மரம் என்று தொடங்கினால் போதும், எழும்பி வந்துவிடுவாள்.

கனகரெத்தினம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சேர்" என்றாள் றுகையா. "கொஞ்சம் வளவுக்கு வாங்க."

சாறனை இழுத்தாள். கொக்கியின் பாதியைக் காணவில்லை. மரம் அதைத் தின்றிருந்தது. பட்டை இரண்டு பக்கமும் உதடுபோல வளர்ந்து கம்பியைக் கவ்வியிருந்தது. கீழே றப்பர் சுற்றிய வாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுத்தியல் பட்ட இடத்தில் சாறு கசிந்தது.

கனகரெத்தினம் பையைக் கீழே வைத்தார். குனிந்தார். விரலால் பட்டையைத் தடவினார். "இது ஒரு வருஷத்தில வளந்ததில்ல" என்றார், தனக்குத்தானே. "ஆர் மாட்டின?"

"இவருதான். எங்கட கலியாணத்துக்கு."

"கலியாணத்துக்கு முதலா, பிறகா?"

றுகையா முக்காட்டை மூக்குவரை இழுத்தாள். "கலியாணத்துக்குள்ள."

அபுல் ஹஸன் வாயைத் திறந்தான். "றுகையா, நீ சொல்லவேணாம்..."

"நீங்க சும்மா இரிங்க!" பிறகு அவள் நிறுத்தவில்லை. "இவங்கட உம்மா, மாப்பிள்ளைக்குக் கண்ணூறு படப்படாது, இடுப்பில ஒரு இரும்பு இரிக்கணும் எண்டு சொன்னவ. எல்லா மாப்பிள்ளையும் பாக்குவெட்டி கொண்டு போற. இவரு இந்தக் கொக்கியக் கொண்டந்தாரு. அப்பதான் செஞ்சு முடிச்சதாம், வைக்க மனமில்லியாம். சொந்தக் கலியாணத்துக்குச் சொந்த ஸ்பீக்கர் செற்றுத்தான் போட்டாரு. மாப்பிள்ள வந்து இரிந்து, பாட்டுப் போய்க்கொண்டிருக்கக்குள்ள வயர் மரத்தில உரசி அறுந்து..."

"பாட்டு இல்ல!" வேலிக்கு மேலால் ஒரு குரல். கச்சிமுகம்மது. அவருக்குப் பின்னால் தெருவே நின்றது. "பிழையாச் சொல்லாத மகள்! மௌலவி நிக்காஹ் குத்பா ஓதத் தொடங்கிட்டாரு! 'அல்ஹம்து' எண்டாரு, மைக் செத்துப் போச்சு!"

கனகரெத்தினம் திரும்பிப் பார்த்தார். "காக்கா, நீங்க குப்பி லாம்புக்காரர்தானே?"

கச்சிமுகம்மதுவின் வாய் மூடிக்கொண்டது. பிறகு மெல்லத் திறந்தது. "அப்ப... சேர் கறண்ட் ஆள் இல்லையா?"

"இல்ல."

"அடப் போங்க சேர்! அத முதல்ல சொல்லுறதுக்கு என்ன! எங்களையும் பொய்க்காரனாக்கி!"

வேலி தாங்கவில்லை. படலையால் உள்ளே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி மாமனாரின் தோளில் போட்டதை ஒருவர் சொன்னார். இடுப்புக் கொக்கியை எடுத்து வயரை மாட்டத் தொப்பியோடு மரத்தில் ஏறினார் என்று தையற்காரர் சொல்ல, தொப்பி கிணற்றில் விழுந்தது என்று சைக்கிள் கடைக்காரர் திருத்தினார். மரத்தில் இருந்தபடியே "ஹலோ, ஹலோ, மைக் செக்" என்று மாப்பிள்ளை கத்தியதைச் சுஹறா செய்து காட்டினாள். பொம்புளை றுகையா வெட்கத்தில் அறைக்குள் பூட்டிக்கொண்டதையும் விடவில்லை.

"அதுக்குப் பிறகுதான் சேர் எல்லாரும் இதக் கேட்டு வாங்கினது. மாப்பிள்ளைக் கொக்கி எண்டுதான் இதுக்குப் பேரே" என்றார் கச்சிமுகம்மது.

கனகரெத்தினம் ஒன்றைத்தான் கேட்டார். இந்தக் கரையில் எவரும் கேட்கிற கேள்வி. "சூறாவளிக்கு முதலா, பிறகா?"

"முதல்!" என்றார்கள் எல்லோரும்.

அவர் அண்ணாந்து பார்த்தார். கொக்கிக்கு ஒரு முழம் மேலே மரம் முறிந்து, முறிந்த இடம் கறுத்து, பக்கத்தில் புதுக் கொப்புகள் கிளம்பியிருந்தன. எழுபத்தெட்டுக் காற்று தம்பிலுவிலில் அவருடைய வீட்டிலும் இப்படித்தான் ஒரு மரத்தை முறித்தது. கம்பியைக் கவ்விய பட்டை அந்த முறிவைவிட மூப்பாகத் தெரிந்தது; அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. இருந்தாலும் சொன்னதை எல்லாம் எழுதி, ஒவ்வொருவரிடமும் ஒப்பம் வாங்கினார். கச்சிமுகம்மது, காலையில் சொன்னதையும் சேர்த்து எழுதச் சொல்லி அடம்பிடித்து, "பயத்தால் பொய் சொன்னேன்" என்று ஒப்பம் வைத்தார்.

அக்கரைப்பற்று பஸ் போய்விட்டது. அவர் றுகையாவின் வீட்டில் மீன் குழம்போடு சோறு தின்றார்.

"அப்ப கம்பனிக்கு உரிமை கிடைக்காதா சேர்?" அபுல் ஹஸன் கேட்டான்.

"புதுசெண்டு சொல்ல ஏலாது. தள்ளுபடியாகும்."

"அப்ப எனக்கு?"

கனகரெத்தினம் கை கழுவிக்கொண்டே அவனைப் பார்த்தார். "உங்களுக்கும் இல்ல காக்கா. கலியாண வீட்டில ஊருக்கே காட்டிப்போட்டீங்களே. ஆரும் செய்யலாம். நீங்களும் செய்யலாம், ஒருத்தனும் தடுக்க ஏலாது."

அபுல் ஹஸன் நிலத்தில் கிடந்த கொக்கி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு றுகையாவைப் பார்த்துச் சிரித்தான். "ஆரும் செய்யட்டும். தொப்பியக் கிணத்தில போட்டு மரத்தில ஏற இன்னொருத்தன் வேணுமே."

பொழுது சாய்வதற்குள் ஊர் நெல்லுக்குள்ளும் வைக்கோலுக்குள்ளும் கை விட்டுத் தேடியது. யாருடைய கொக்கி யாரிடம் போனது என்று பிறகு தெரியவே இல்லை. மஃரிபு பாங்குக்கு முன் ஒவ்வொரு கடையாகப் பல்புகள் எரிந்தன. கச்சிமுகம்மதுவின் மின்விசிறி மட்டும் எரிச்சலோடு நின்றிருந்தது. மனிதர் கடையை விட்டுப் போனதும் தன் வயரை அவரே அவசரத்தில் அறுத்துவிட்டிருந்தார்.

கம்பனியின் மனு தள்ளுபடியானது. கனகரெத்தினம் இரண்டு முறை ஊருக்குப் போகும்போது வந்து, சாப்பிட்டுப் போனார். பிறகு சண்டை வந்து பாதைகள் வேறு மாதிரியாகின. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் மேலேயும் பார்ப்பதில்லை, பக்கத்திலும் பார்ப்பதில்லை.

பூவரசு கொக்கியை முழுவதுமாக மூடிவிட்டது. வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் சோளகக் காற்று வீசுகிற நாட்களில் றுகையா உடுப்புக் காயப்போட வரும்போது, கை தானாகவே அந்தப் புடைப்பில் போய் நிற்கும். புதிதாகக் கலியாணம் முடித்த யாராவது பிள்ளை அது என்ன என்று கேட்டால் போதும். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, குத்பாவிலிருந்து தொடங்குவாள்.